எத்தனை பவுன் அக்கா?

கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. பூங்கோதை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, ஓரத்தில் ஏறி ஒட்டுகிற மாவை வழித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே, அஞ்சறைப்பெட்டி இருக்கிற பலகையில் அவளுடைய போன். போனுக்குள்ளே அவள் புருஷன் தெய்வசிகாமணி தன் கையாலேயே அடித்து வைத்துவிட்டுப் போன ரெண்டு வரி. இது கவரிங் நகை, தங்கம் அல்ல. சிதம்பரத்தில் வாங்கப்பட்டது. அல்லவாம், அல்ல. பத்திர ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்து இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி கழுத்தைப் பற்றி எழுதச் சொன்னால்கூட பத்திரம்தான் எழுத வருகிறது. வடக்கே பெருமாள் கோயில் தெரு, தெற்கே வாய்க்கால், நடுவிலே என் மனைவி பூங்கோதையின் கழுத்து என்று நாலு எல்லையும் போட்டிருக்கலாமே, அதை மட்டும் ஏன் விட்டார். பச்சை அம்பை ஒரு அழுத்து அழுத்தினால் போதும், ஸ்டேட்டஸில் ஏறிவிடும். அந்த அழுத்தலை மட்டும் அவளுக்கு விட்டு வைத்திருக்கிறார். நீயே போட்டுடு கோதை, உன் போன்ல நான் போட்டா நல்லா இருக்காது என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் போய்ப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. காலையிலேயே வரி விடாமல் படித்து முடித்த பேப்பர். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம், மனசு ஆறியிருக்கும். கத்தவும் மாட்டார். இருபது வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயைத் திறந்து கத்தியிருப்பாரா. மாவு தெறித்துக் கன்னத்தில் விழுந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்கோதை ஒரு ஆரத்தைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டாள். சாமி அலமாரிக்கு முன்னால், சிவப்பு வெல்வெட் பெட்டிக்குள் ஆரம், பெட்டி ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு. கீழே, தம்பி கல்யாணத்துக்கு, என்று எழுதி ஒரு கும்பிடு பொம்மை. ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். அதை எந்தப் புண்ணியவதியோ படம் பிடித்து யாருக்கோ அனுப்பி, அது போன் போனாக ஏறி இறங்கி, இன்றைக்கு மத்தியானம் ஆபீஸுக்குப் புதிதாக வந்திருக்கிற அதிகாரி கையில் போய் நின்றிருக்கிறது. அவர் சிகாமணியைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால், பத்திரம் பதிய வந்த ஜனத்துக்கும் முன்னால், போனைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். சிகாமணி கை நீட்ட மாட்டார்னு எல்லாரும் சொன்னாங்க, கை நீட்டாமலேயே வீட்டுக்கு வந்து விழுதோ, என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். சார் அது கவரிங் சார் என்று இவர் சொன்னதும் இன்னும் கொஞ்சம் சிரித்தார்களாம். மாட்டிக்கிட்டா எல்லாரும் இதைத்தான் சார் சொல்லுவாங்க என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேலே ஒரு புகார் போயிற்றென்றால் என்னால் ஒன்றும் பண்ண முடியாது சிகாமணி, வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள், நல்ல பேரோடு ரிட்டயர் ஆகப் பாருங்கள் என்று அந்த அதிகாரி புத்தி சொன்னாராம். இதையெல்லாம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரே குரலில் சொன்னார். சொல்லி முடித்ததும் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் ஊற்றியதை அவர் கவனிக்கவில்லை, அவள் பார்த்தாள். அதைப் பார்க்காமலாவது இருந்திருக்கலாம்.

அதற்கப்புறம் சொன்னாரே, அதுதான். அதுதான் உளுந்தோடு சேர்ந்து இந்தக் கிரைண்டருக்குள் இன்னும் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. தன் கழுத்துல கிடக்கிறதக் கவரிங்குன்னு எந்தப் பொம்பளையும் பொய் சொல்ல மாட்டா, அதனால நீ போட்டா நம்புவாங்க. எவ்வளவு கரெக்டாகக் கண்டுபிடித்திருக்கிறார். அவர் சொன்னால் நம்ப மாட்டார்களாம், அவள் மானம் போனால்தான் நம்புவார்களாம். அவருடைய யோக்கியதைக்கு அவள் வெட்கம்தான் சாட்சிக் கையெழுத்து. போடு கோதை, இந்தா இங்கே போடு, பெருவிரலை மையில் ஒற்றி அழுத்து. வரட்டுமே, வந்து அலமாரியைத் திறந்து பார்க்கட்டுமே, என்ன இருக்கிறது அங்கே. ரெண்டு பட்டுப் புடவை, அதில் ஒன்று இழை விட்டுப் போனது. மகன் ஆதவன் பள்ளிக்கூடத்தில் வாங்கின கோப்பைகள். தாலிக் கொடியும் தோடும் அவள் மேலேயே இருக்கிறது. நாலு ஆம்பளைகள் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, அவள் ஆரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கல்லில் உரசி, அட ஆமாம் கவரிங்தான் சார் என்று ஒருத்தனுக்கொருத்தன் சிரித்துக்கொண்டு, மன்னிச்சுக்கம்மா என்று கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். எதிர் வீட்டு மாடியில் தலைகள் முளைக்கும். தண்ணீர் கொஞ்சம் அதிகமாக விட்டுவிட்டாள் போலிருக்கிறது, உளுந்து நெகிழ்ந்து ஓடியது. சனியன், இட்லி கல்லாட்டம் வரும் இப்போது.

பெட்டிதான் காரணம். இல்லை, பெட்டி என்ன பண்ணும், அவள் பண்ணின காரியம். அந்தச் சிவப்புப் பெட்டி அவள் கல்யாணத்தில் போட்ட நிஜ ஆரத்தினுடைய பெட்டி. ஆரம் போய்விட்டது, ஆதவனைக் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்த்த வருஷம் போய்விட்டது, பெட்டி மட்டும் பீரோவில் புடவைகளுக்கு அடியில் தங்கிவிட்டது. காலிப் பெட்டியை என்னத்துக்கு வைத்திருக்கிறாய் என்று அவர் ஒரு தடவை கேட்டார், அவள் அதைப் புடவைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள். போன வாரம் சிதம்பரம் போய் ஒரு கவரிங் கடையில் ஒரு மணி நேரம் நின்று, இது ரொம்பப் பளபளக்குது, இது கல் பெருசு, பொய்யின்னு பார்த்தாலே தெரியுது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் அதே மாதிரி மாங்காய் வேலை, அதே மாதிரி நடுவில் ஒரு சிவப்புக் கல் என்று கண்டுபிடித்தாளே, அப்போது அந்தக் கடைப் பெண் சொன்னது, கலரில்லாத நெயில் பாலிஷ் ஒரு கை பூசிடுங்க அக்கா, வேர்வை பட்டாலும் கருக்காது என்று. வீட்டுக்கு வந்து பூசினாள். சனிக்கிழமை மத்தியானம் பூராவும் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு மாங்காயாக, மூச்சை அடக்கிக்கொண்டு. காய்ந்ததும் பஞ்சு வைத்து அந்தப் பெட்டிக்குள் படுக்க வைத்தாள். பொருந்தி உட்கார்ந்தது. பெட்டி மூடிக்குள்ளே தங்க எழுத்தில் நகைக்கடைப் பேர். அதோடு சேர்த்துத்தான் போட்டோ எடுத்தாள். வேண்டுமென்றா எடுத்தாள். வேண்டாமென்று எடுக்கவில்லை, அது மட்டும் நிச்சயம். ஏன், எடுத்தால் என்ன. பொய்யா சொன்னாள், தங்கம் என்று எங்காவது ஒரு எழுத்து எழுதினாளா.

எல்லாரும் போடுகிறார்கள். காலையில் போனைத் திறந்தால் ஒரே சந்தைக்கடை. எதிர்வீட்டுக்காரி புது ஃபிரிட்ஜுக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டுகிறாள், ஃபிரிட்ஜுக்கு! மாடி வீட்டுப் பையன் வாங்கின செருப்பை நாலு பக்கமும் திருப்பிப் போடுகிறான். கார் வாங்கினவன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிற வரைக்கும் வீடியோ எடுக்கிறான். புடவை வாங்கினவள் புடவையைக் காட்டினால் போதாதென்று கடைப் பையையும் காட்டுகிறாள். பூங்கோதை எல்லாவற்றுக்கும் கை தட்டுகிற பொம்மை அனுப்புவாள். வாழ்த்துகள் அக்கா, சூப்பர் தம்பி. கை வலிக்கக் கை தட்டினவள் அவள். அவள் போட என்ன இருந்தது. மார்கழிக் கோலம், ஆதவன் பிறந்தநாள், வெள்ளிக்கிழமை அம்மன் படம், மறுபடியும் கோலம். ஒரு தடவை குக்கர் வாங்கினாள், போட்டோகூட எடுத்துவிட்டாள், அப்புறம் குக்கரைப் போய் எவளாவது போடுவாளா என்று வெட்கமாகி அழித்துவிட்டாள். ஆரத்தைப் பெட்டிக்குள் பார்த்ததும், ஒரு தடவை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, மற்றவர்கள் தனக்குக் கை தட்டட்டுமே என்று தோன்றியது. தப்பா. அன்றைக்கு முழுக்கப் போன் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டே இருந்தது. தோசை ஊற்றும்போதும் பார்த்தாள், துணி காயப்போடும்போதும் பார்த்தாள். கொள்ளை அழகு, கண்ணே பட்டுடும், அண்ணனுக்கு நல்ல மனசு. அண்ணனுக்கு நல்ல மனசாம்! அண்ணன் அந்த நேரத்தில் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

அதில்தான் உமாமகேசுவரி கேட்டாள். சூப்பர் அக்கா, எத்தனை பவுன்? உமாமகேசுவரி, ஆபீஸில் தலைமை உதவியாளருடைய சம்சாரம், அந்த ஆபீஸில் எல்லாருக்கும் பங்கு பிரிக்கிற மகராசனுடைய சம்சாரம். எத்தனை பவுன் அக்கா. அந்த இடத்தில் கவரிங் உமா, சிதம்பரம், நீயும் வேணும்னா போய் வாங்கு என்று எழுதியிருந்தால் அத்தோடு போயிருக்கும். கை எழுத்துக்குப் போயிற்று, நிஜமாகவே போயிற்று. க என்று அடித்தாள். அடித்துவிட்டு அழித்தாள். சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினாள். பொம்மைக்கு என்ன அர்த்தம், ஒன்றுமில்லை, உமா என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். நினைத்துக்கொண்டாள், நன்றாகவே நினைத்துக்கொண்டாள். உமாவைத் தவிர வேறே யார் படம் பிடித்திருப்பார்கள், அவள் எண்ணிலிருந்துதானே அந்த ஆபீஸுக்கு வாசல். அவள் போடாத ஸ்டேட்டஸா. புது வீட்டுக்கு இத்தாலிக் கல்லாம், கல் வந்து இறங்குகிற லாரியைக்கூடப் போட்டாள். மகளுக்குக் காது குத்தினதற்கு ஒட்டியாணம், அஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஒட்டியாணம். அதை எந்த அதிகாரியாவது தூக்கிப் பிடித்து ஜனத்துக்கு முன்னால் காட்டினானா. காட்ட மாட்டான், காட்டினால் தன் பங்கு எங்கேயிருந்து வருகிறதென்றும் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கும். அவள் போட்டால் அழகு. பூங்கோதை போட்டால் திருட்டுச் சொத்து. அவளிடம் இருந்தால் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, அதனால் குற்றமும் இல்லை. இவளிடம் எப்படி வந்தது என்கிற ஆச்சரியம்தான் குற்றம். பூங்கோதைக்குக் காது மடல் சூடாயிற்று. கிரைண்டர் மூடியை எடுத்து அவள் தலையில் போட்டால் என்ன என்று இருந்தது.

போன் அடித்தது. கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். தம்பி, இளஞ்செழியன். வியாழக்கிழமை முகூர்த்தம், நாளைக்கு இருக்கிற வேலையைச் சொல்லத்தான் கூப்பிட்டான், வாழை மரம், நாதஸ்வரக்காரர்களுக்கு ரூம், ஐயர் கேட்ட சாமான். அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாம் அவள்தான், பெண் பார்த்ததும் அவள், பேசி முடித்ததும் அவள். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், அக்கா உன் ஆரம் போட்டோவ நான்தான் பொண்ணு வீட்டுக்கு அனுப்பினேன், எங்க அக்கா எனக்காக எடுத்ததுன்னு சொன்னேன், அத்தைக்கு ரொம்ப சந்தோஷம், நாத்தனார் நிறைஞ்ச கழுத்தா வந்து முடிச்சுப் போடணும்னு சொன்னாங்க, என்றான். குரலில் அப்படி ஒரு பெருமை. அவனுக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொல்கிறான். சரிப்பா, வேளைக்குச் சாப்பிடு என்று வைத்துவிட்டாள். வேறே என்ன சொல்வாள். கிரைண்டரை நிறுத்த மறந்து பேசிக்கொண்டிருந்ததில் உளுந்து பொங்கி விளிம்பைத் தொட்டது. நிறுத்தி, கல்லைத் தூக்கி, வழித்து வழித்துப் போசிப் பாத்திரத்தில் போட்டாள். அப்புறம் அரிசியை அள்ளிக் கொட்டினாள், கல்லை இறக்கினாள், சுவிட்சைத் தட்டினாள். அரிசி முதலில் கடகடவென்று ஒரு சத்தம் போடும், அதில் பக்கத்து வீட்டு டிவிகூடக் காதில் விழாது. அந்தச் சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது.

முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மற்ற ரெண்டும் நாத்தனார் போட வேண்டும். பெண்ணுக்குப் பின்னால் நின்று, அவள் பின்னலை ஒதுக்கி, குனிந்து போட வேண்டும். குனிந்தால் ஆரம் முன்னால் சரிந்து பெண்ணின் தோளில் வந்து தொங்கும். வீடியோக்காரன் அந்த நேரத்துக்குத்தான் காத்துக்கொண்டிருப்பான், லைட்டை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து பிடிப்பான். மண்டபத்தில் பெரிய திரை வேறு வைத்திருக்கிறார்களாம். அந்தத் திரையில், பெண்ணுடைய தாலி, அதற்குப் பக்கத்தில் இவளுடைய மாங்காய். அம்பை அழுத்தினால் அந்தத் திரையைப் பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். பெண்ணின் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து பக்கத்து அம்மாளின் காதில் சொல்வாள். தம்பி மணவறையில் உட்கார்ந்துகொண்டே தலையைத் திருப்பி அவளைப் பார்ப்பான், ஏன்க்கா என்கிற மாதிரி. அதை யோசித்தபோதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது, கோபத்தில் வந்த தண்ணீர்தான், வேறே ஒன்றுமில்லை. அழுத்தவில்லையென்றால்? அழுத்தவில்லையென்றால் அவர் நாளைக்கும் அந்த ஆபீஸில் போய் உட்கார வேண்டும், பின்னாலிருந்து அந்தக் குரல் வரும், சிரிப்பார்கள். ஒருநாள் செருப்புப் போட்ட ஆம்பளைகள் வருவார்கள். எப்படிப் போனாலும் யாராவது ஒருத்தர் தலை குனிய வேண்டும். இவ்வளவு வேலையையும் இவள்தான் பார்க்க வேண்டும், மாவும் ஆட்ட வேண்டும்.

அவர் மேல் கோபமா என்று கேட்டால், ஆமாம், கோபம்தான். கை நீட்டவில்லை என்பதற்கா. சீச்சீ. ஒரு தீபாவளிக்கு, தகராறு நிலத்துக்குப் பத்திரம் பதிய வந்த ஒருத்தன் வெள்ளித் தட்டில் ஆப்பிளை அடுக்கி வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தான். அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவள்தான் கதவைத் திறந்தாள், அவள்தான் சொன்னாள், எடுத்துக்கிட்டுப் போங்க, இந்த வீட்டுல இதுக்கு இடம் கிடையாது என்று. அவர் வந்து கேட்டபோது யாரோ வழி தவறி வந்தவர் என்று சொல்லிவிட்டாள். அது அவருக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அந்த யோக்கியதையில் அவளுக்கும் பாதி இல்லையா. ஆரம் போனபோது அவள் வாயைத் திறந்தாளா. அதனால் கோபம் அதற்கில்லை. கோபம் அந்த டீக்கு. சாயங்காலம் ஜனம் கலைந்து கதவைச் சாத்தினதும் ஆபீஸில் பங்கு பிரிப்பார்கள், பத்திர எழுத்தர்கள் மூலமாக வந்ததெல்லாம் மேசை மேசையாக இழுப்பறைக்குப் போகும். அந்த நேரத்தில் சிகாமணி டீ குடிக்க எழுந்து போய்விடுவார். சர்க்கரை இருக்கிற மனுஷன், டீ குடிக்கிறதை விட்டே பல வருஷம், கடையோரம் சும்மா நின்றுவிட்டு, எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரிந்ததும் வருவார். இருபது வருஷமாக அந்த டீ. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுந்து போவார், திரும்பி வருவார். யாருக்கும் நோகாமல் யோக்கியனாக இருந்தார். அதனால்தான் இன்றைக்கு அத்தனை பேரும் தைரியமாகச் சிரித்தார்கள், சிரித்தால் திருப்பி ஒன்றும் வராது என்று தெரியும். வாயைத் திறக்க வேண்டிய நாளெல்லாம் டீக்கடையில் நின்றுவிட்டு, இன்றைக்கு வாயைத் திறக்கிற வேலையை இவள் தலையில் கட்டிவிட்டார், அதுவும் அவர்களைப் பற்றி இல்லை, இவள் கழுத்தைப் பற்றி.

சிகாமணி சமையலறை வாசலில் வந்து நின்றார். சட்டையைக் கழற்றி பனியனோடு இருந்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, போனைப் பார்க்காமல் போனைப் பார்த்தார். போட்டாயா என்று கேட்கவில்லை, தண்ணி காஞ்சுதா என்று என்னவோ கேட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த உமா வீட்டு ஒட்டியாணத்தப் பத்தி நீங்க ஏன் ஒரு வார்த்தை கேக்கல?" என்றாள். அவங்க சங்கதி நமக்கெதுக்கு கோதை என்றார். மெதுவாகத்தான் சொன்னார், கெஞ்சுகிற மாதிரி. "நம்ம பேரு நல்லபடியா இருந்தா போதும். நான் எழுதினது போதும், அதுக்கு மேல ஒண்ணும் சேர்க்காத." சொல்லிவிட்டு அங்கேயே கொஞ்சம் நின்றார், அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த மாவை எடுத்துவிடப் போகிறவர் மாதிரி கையை நீட்டி, வேண்டாமென்று இழுத்துக்கொண்டு, கூடத்துக்குப் போய்விட்டார். பேப்பர் மடங்குகிற சத்தம் கேட்டது. நல்ல மனுஷன். நல்ல மனுஷன்தான், அதில் யாருக்கு என்ன சந்தேகம். சந்தேகம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே.

பூங்கோதை எழுந்து கையைக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்த மாவுகூடப் போகிற மாதிரி நன்றாகக் கழுவினாள். பீரோவைத் திறந்து ஆரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கே வந்தாள், ஜாக்கெட் நனைந்திருந்தது, நெற்றியில் முடி பறந்துகொண்டிருந்தது, அப்படியே போட்டுக்கொண்டாள். சில்லென்று இருந்தது. போனை எடுத்து, கிரைண்டரும் கழுவாத பாத்திரமும் பின்னால் தெரிகிற மாதிரி, தன் முகமும் கழுத்தும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தாள். சிரிக்கவில்லை. சிகாமணி அடித்து வைத்திருந்த ரெண்டு வரியையும் அழித்தாள், அல்லவும் போயிற்று, வாங்கப்பட்டதும் போயிற்று. புதிதாக அடித்தாள். விரல் தடுமாறி ரெண்டு தடவை தப்பு வந்தது, திருத்தினாள். இது கவரிங். எங்க வீட்டுக்காரர் பத்திர ஆபீஸில் வேலை பார்த்தும் கை நீட்டாதவர். அதனால் கவரிங். தம்பி கல்யாணத்துக்கு இதைத்தான் போட்டுக்கொண்டு வருவேன். படித்துப் பார்த்தாள். உமா, எத்தனை பவுன்னு கேட்டியே, என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. வேண்டாம், அவளுக்கே புரியும். பயம்தான், பயமில்லை என்று யார் சொன்னது. அழுத்தினாள்.

யார் யார் பார்த்தார்கள் என்று அந்தக் கண் படத்தைத் தொட்டால் பேர் பேராக வரும். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் எதிர்வீட்டுக்காரி வந்தாள். உமாமகேசுவரி வந்தாள். ஆபீஸ்காரர்களின் சம்சாரங்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். யாரும் கை தட்டவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. இளஞ்செழியன் பேர் வந்தது. அவனும் ஒன்றும் எழுதவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறான் என்று ஒரு தடவை காட்டியது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. பூங்கோதை அந்தப் பேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழைக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை, போனைக் குப்புற வைத்தாள்.

கூடத்தில் சிகாமணியின் போன் சிணுங்கிற்று. கொஞ்ச நேரத்தில் அவர் வந்து நின்றார். கையில் போன், மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறிக் கிடந்தது. எடுத்துடு கோதை என்றார். எல்லாரும் பார்த்துவிடுவார்கள், அத்தனை பேரையும் சொன்ன மாதிரி ஆகிவிட்டது, அதிகாரியையும் சேர்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது என்றார். பாக்கட்டும்னுதான் போட்டேன் என்றாள் அவள், அவரைப் பார்க்காமல். அவர் கிரைண்டரை ஒரு தடவை பார்த்தார், அவள் கழுத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். முக்காலி சின்னது, அவர் முழங்கால் ரெண்டும் மேலே நின்றது.

"நாளைக்கு நான் எப்படி ஆபீஸ் போறது?"

"போங்க. டீக்கு எழுந்திருக்காதீங்க," என்றாள் பூங்கோதை.